சிலாலா: வழக்கு மன்றம் ஏறிய ஓடை

எல்லை தாண்டும் ஓடைகள் – 7

சென்ற அத்தியாயத்தில் லவுக்கா ஆற்றின் கதையைப் பார்த்தோம். சிலியின் மலைகளில் பிறந்து பொலிவியாவுக்குள் ஓடும் அந்த ஆற்று நீரின் ஒரு பகுதியை, கடலோரத்தில் இருக்கும் அசாப்பா பள்ளத்தாக்குக்கு சிலி திருப்பிக்கொண்டது. 1962 ஏப்ரலில் மதகு திறந்தது. அதே மாதம் பொலிவியா தூதரக உறவை முறித்துக்கொண்டது. 1975 முதல் 1978 வரை ஒரு சிறு இடைவெளி போக, இன்றுவரை இரு நாடுகளுக்கும் இடையே முழுமையான தூதரக உறவு கிடையாது.

லவுக்காவில் சிலி மேல்மடை, பொலிவியா கடைமடை. அதே எல்லைக்கோட்டில், தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, இந்த நிலை அப்படியே தலைகீழாக இருக்கிறது. அங்கே பொலிவியாவில் ஊறும் தண்ணீர் சிலிக்குள் இறங்குகிறது. சிலாலா என்று பெயர். நொடிக்குச் சுமார் 170 லிட்டர்தான் அதன் ஓட்டம். எல்லையைத் தாண்டி ஏறக்குறைய 6 கிலோமீட்டர் போனதும் சான் பெட்ரோ என்ற இன்னோர் ஆற்றில் கலந்து முடிந்துவிடுகிறது. இவ்வளவு சிறிய ஓடைக்காக இரண்டு நாடுகள் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் ஆறரை ஆண்டு வழக்காடின. அதற்கு முன் ஏறத்தாழ இருபது ஆண்டு குறிப்பாணைகளும் கண்டனங்களும் பறந்தன.

அந்தச் சண்டை ஏன் மூண்டது, எப்படித் தணிந்தது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

நீர் ஊறும் இடம்

பொலிவியாவின் தென்மேற்கு மூலையில் பொடோசி மாகாணம் இருக்கிறது. அதன் கடைக்கோடியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், இரண்டு ஈரநிலங்கள் உள்ளன. வடக்கே இருப்பது கஹோனெஸ். தெற்கே இருப்பது ஒரியன்டாலெஸ். எல்லைக்கோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் முதல் மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன. சுற்றிலும் எரிமலைகள். மேற்கே இறங்கினால் உலகத்திலேயே மிக வறண்ட பாலைகளில் ஒன்றான அடகாமா.

மழை அரிதாகப் பெய்யும் இந்த உயரத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பழங்கால எரிமலைகள் கக்கிய சாம்பலும் கற்துகள்களும் சூட்டோடு படிந்து இறுகிய பாறை அடுக்குகள் இப்பகுதி முழுக்கப் பரந்து கிடக்கின்றன. அந்தப் பாறையின் வெடிப்புகளுக்குள் பனியும் மழையும் இறங்கி, நெடுங்காலம் நிலத்தடியில் நகர்ந்து, சரிவு வாகான இடத்தில் ஊற்றாக மேலே வருகின்றன. அதனால்தான் மழை பொய்க்கும் ஆண்டிலும் சிலாலா வற்றுவதில்லை. ஊறிய நீர் ஒரு குறுகிய மலையிடுக்கு வழியே தென்மேற்காக இறங்குகிறது. நிலம் பொலிவியாவிலிருந்து சிலியை நோக்கிச் சரிந்திருக்கிறது. தண்ணீரும் அந்தப் பக்கமே போகிறது. மேலே ஓடுவதைத் தவிர, மண்ணுக்கடியிலும் கணிசமான நீர் அதே திசையில் எல்லையைக் கடக்கிறது. கதையின் பிற்பகுதியில் இந்த நிலத்தடி நீருக்கு முக்கியமான இடம் உண்டு.

அந்த ஈரநிலத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்டீஸ் மலைவாசிகள் இவ்வகை நிலத்தை பொஃபெடால் என்கிறார்கள். தூரத்துப் பார்வைக்குப் பச்சைப் புல்வெளியாகத் தெரியும். குனிந்து கைவைத்தால் புல் இல்லை என்பது புரியும். விரல் நுழைய இடமில்லாமல் நெருங்கி வளர்ந்த குறுஞ்செடிகள், மேடு மேடாக, கெட்டியாக இருக்கும். இலைகள் மிகச் சிறியவை; நுனி சில இடங்களில் குத்தும். மேடுகளுக்கிடையே கண்ணாடித் தெளிவாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். இரவில் அது உறையும். வெயில் ஏறினால் இளகும். மேலே செடி உயிரோடிருக்க, கீழே இறந்த தண்டுகளும் வேர்களும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கரிமண்ணாகின்றன. அந்தக் கரிமண் நீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. இது வளர நூற்றாண்டுகள் ஆகும். லாமாக்களுக்கும் காட்டு விகுன்யாக்களுக்கும் இதுவே மேய்ச்சல். இந்த வட்டாரத்தின் பெரும் ஈரநிலத் தொகுதியான லோஸ் லிபெஸ், முக்கிய ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

கடலை இழந்த நாடு

சிலாலா வழக்கின் வேர் தேடிப் போனால் நாம் ஓடையை விட்டுக் கடற்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பொலிவியாவுக்குக் கடற்கரை இருந்தது. அன்டோபகாஸ்டா துறைமுகம் அதற்குச் சொந்தம். அந்தக் கரையை ஒட்டிய பாலையில் உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்படும் வெடியுப்பு மண்டிக் கிடந்தது. அதைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் சிலி நாட்டவர். முதலீடு சிலியிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்தது. 1878இல் பொலிவியா, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குவின்டால் வெடியுப்புக்கும் 10 சென்டாவோ வரி விதித்தது. வெடியுப்பு தோண்டிய கம்பெனி கட்ட மறுத்தது. கம்பெனியின் சொத்தை ஏலம் விட ஏற்பாடு நடந்த நாளில், 1879 பிப்ரவரி 14 அன்று, சிலியின் படை அன்டோபகாஸ்டாவில் இறங்கியது. பொலிவியாவுடன் ரகசிய உடன்படிக்கை செய்திருந்த பெருவும் போருக்குள் இழுக்கப்பட்டது. பசிபிக் போர் என்று வரலாறு இதைச் சொல்கிறது.

அதே ஆண்டு மார்ச் 23 அன்று கலாமா என்ற பாலைவனச் சோலையருகே, லோவா ஆற்றங்கரையில், சிறு எண்ணிக்கையிலான பொலிவியர்கள் சிலிப் படையை எதிர்த்து நின்றார்கள். அவர்களில் எதுவார்தோ அபரோவா என்பவர் சரணடைய மறுத்து அங்கேயே உயிர்விட்டார். பொலிவியா ஆண்டுதோறும் மார்ச் 23ஐக் கடல் தினமாகக் கடைப்பிடிக்கிறது. பொடோசியின் தென்கோடியில் உள்ள புகழ்பெற்ற வனவிலங்குக் காப்பகத்துக்கும் அவர் பெயர்தான்.

இங்கே ஒரு நில இயல் உண்மையைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சிலாலாவின் நீர் சான் பெட்ரோவில் கலக்கிறது. சான் பெட்ரோவின் படுகை லோவாவோடு சேர்கிறது. அபரோவா விழுந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புக்குள்தான் சிலாலாவும் இருக்கிறது. பொலிவிய மண்ணில் ஊறும் நீர், பொலிவியா இழந்த நிலத்துக்குள் இறங்கி, அதன் நாயகன் மாண்ட ஆற்றை நோக்கிப் போகிறது. பொடோசி மக்களுக்கு சிலாலா ஏன் வெறும் தண்ணீராகத் தெரியவில்லை என்பதை இதைக்கொண்டே புரிந்துகொள்ளலாம்.

1884இல் போர்நிறுத்தம். 1904 அக்டோபர் 20 அன்று சமாதான ஒப்பந்தம். கடற்கரை முழுவதையும் பொலிவியா நிரந்தரமாக விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு, அரிகா துறைமுகத்திலிருந்து லா பாஸுக்கு ரயில் பாதை போட்டுத் தரவும், தன் மண் வழியே பொலிவியச் சரக்கு போய்வர அனுமதிக்கவும் சிலி ஒப்புக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தோடு இணைத்த வரைபடத்தில், புதிய எல்லைக்கோட்டைக் குறுக்காக வெட்டிச் செல்லும் நீர்வழி ஒன்றும் வரையப்பட்டு, சிலாலா ஆறு என்று பெயரும் எழுதப்பட்டிருந்தது. அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூற்றுப்பத்து ஆண்டுக்குப் பிறகு அந்த வரைபடத்தைச் சிலியின் வழக்கறிஞர்கள் சான்றாக நீட்டினார்கள்.

ரயில் குடித்த தண்ணீர்

அடகாமா கடற்கரையில் வாழ வந்தவர்களுக்கு முதல் சிக்கல் குடிநீர். கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடித்தார்கள். 1872இல் சார்ல்ஸ் வில்சன் என்ற பொறியாளர், லாஸ் சலினாஸ் என்னும் இடத்தில், உப்பு நீரைக் கண்ணாடிக் கூரைக்கடியில் வெயிலால் ஆவியாக்கி நன்னீர் எடுக்கும் ஆலையை அமைத்தார். நாளொன்றுக்கு இருபதாயிரம் லிட்டருக்கு மேல் அது தந்தது. சுரங்கச் சரக்கை இழுக்கும் கோவேறு கழுதைகளுக்கே அவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டது.

கழுதைகளின் இடத்துக்கு ரயில் வந்தது. பாதை முதலில் வெடியுப்புக் கம்பெனிக்காகப் போடப்பட்டது. பிறகு பொலிவியாவின் ஹுவாஞ்சாக்கா வெள்ளிச் சுரங்கக் கம்பெனியின் கைக்குப் போய், 1888இல் லண்டனில் பதிவான அன்டோபகாஸ்டா – பொலிவியா ரயில்வே கம்பெனியிடம் வந்து சேர்ந்தது. தண்டவாளங்களுக்கிடையே 762 மில்லிமீட்டர் அகலமே கொண்ட குறும்பாதை. 1889இல் உயுனியையும் 1892இல் ஒருரோவையும் எட்டியது. கடல் மட்டத்தில் கிளம்பும் வண்டி, அஸ்கோட்டான் கணவாயில் 3,956 மீட்டர் ஏறி இறங்கியது.

நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் இருந்தால் போதாது. நல்ல தண்ணீர் வேண்டும். உப்பும் சுண்ணமும் கலந்த நீரைக் கொதிகலனில் ஊற்றினால் குழாய்ச் சுவரில் காறை கட்டும். காறை தடித்தால் சூடு ஏறாது, எரிபொருள் வீணாகும், கடைசியில் குழாயே வெடிக்கும். லோவா ஆற்று நீர் உப்புக் கரிப்பது, ஆர்சனிக்கும் அதிகம். நல்ல நீரின் அருமையை அந்த வட்டாரம் பிற்பாடு மிகக் கொடுமையான முறையில் கற்றது. 1958இல் அன்டோபகாஸ்டா நகருக்கு மலையிலுள்ள டொகோன்சே ஆற்றிலிருந்து குடிநீர் கொண்டுவந்தார்கள். அதில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்சனிக் இருந்தது. 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை ஊரே அதைக் குடித்தது. நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. மலைநீரெல்லாம் நன்னீர் இல்லாத அந்த மண்ணில் சிலாலாவின் உப்புக் குறைந்த ஊற்றுநீர் எப்பேர்ப்பட்ட செல்வம் என்பதை ரயில்வே கம்பெனி ஆரம்பத்திலேயே கண்டுகொண்டது.

1906 ஜூன் 23 அன்று கம்பெனி சிலி அரசிடம் உரிமம் வாங்கியது. அன்டோபகாஸ்டாவின் குடிநீரைப் பெருக்க என்று அதில் காரணம் சொல்லப்பட்டது. ஊற்றுக்கண் பொலிவியாவில் இருந்ததால், 1908 அக்டோபர் 28 அன்று பொலிவிய அரசிடமும் உரிமம் பெற்றது. ரயில் எஞ்சின்களின் கொதிகலனுக்கு நீர் வேண்டும் என்பது அங்கே சொன்ன காரணம். 1909இல் எல்லையிலிருந்து சுமார் 600 மீட்டர் தொலைவில், பொலிவிய மண்ணில், நீரெடுப்புத் தொட்டி கட்டினார்கள். 1910இல் அங்கிருந்து சிலியிலுள்ள தேக்கங்களுக்குக் குழாய் வழியே நீர் போயிற்று. 1942இல் இரண்டாவது நீரெடுப்பு சிலியின் பக்கம், எல்லையிலிருந்து 40 மீட்டர் தள்ளி வந்தது.

1928இன் வாய்க்கால்கள்

வழக்கின் மையம், 1928இல் கம்பெனி பொலிவியப் பகுதியில் வெட்டிய வாய்க்கால்கள்.

ஈரநிலம் முழுக்கச் சிதறிக்கிடந்த ஊற்றுகளிலிருந்து சிறு கால்களை வெட்டி, அவற்றைப் பெருங்காலில் சேர்த்து, அதைப் பள்ளத்தாக்கு வழியே நீரெடுப்புக்கு இட்டுவந்தார்கள். பக்கத்தில் கிடந்த கற்களையே இருபுறமும் அடுக்கிக் கரை கட்டினார்கள். நம் ஊர் வயல்களுக்குப் பாயும் கிளை வாய்க்கால் அளவுதான் இருக்கும். பல இடங்களில் ஒரு எட்டில் தாண்டிவிடலாம். கற்களுக்கிடையே சுத்தமான நீர் சலசலத்து விரைகிறது.

இதை எதற்காக வெட்டினார்கள்? ஈரநிலத்தில் தேங்கும் நீரில் பூச்சிகள் முட்டையிட்டு, குடிநீர்க் குழாய்கள் மாசடைந்தன. அதைத் தடுக்கவே வாய்க்கால் என்று சிலி சொல்கிறது. நிலத்தை வடித்து அதிக நீரைச் சேகரித்துச் சிலிக்கு அனுப்பவே என்று பொலிவியா சொல்கிறது. காரணம் எதுவாயினும் விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. பரவி நின்று பொஃபெடாலை வளர்த்த நீர், வாய்க்காலில் இறங்கி ஓடத் தொடங்கியது. செடிமேடுகள் பல காய்ந்து சுருங்கின. இரு அரசுகளும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்த தாளுக்கான விலையை முதலில் கட்டியது அந்தச் செடிகளும் அவற்றை நம்பிய மேய்ச்சலும்தான். அன்றைக்கு அதைக் கணக்கில் வைக்க எந்த அலுவலகத்திலும் பேரேடு இல்லை.

இதற்கிடையே சிலாலா நீரைக் குடிப்பவர்களின் வரிசை மாறியது. நீராவி எஞ்சின் போய் டீசல் வந்தது. கலாமாவுக்குப் பக்கத்தில் 1915இல் பெரும் அளவில் உற்பத்தி தொடங்கிய சுக்கிகமாட்டா தாமிரச் சுரங்கம் உலகின் மிகப்பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1971இல் சிலி அதை நாட்டுடைமையாக்கியது. பின்னர் அது அரசின் கொடெல்கோ நிறுவனத்தின் கீழ் வந்தது. ரயிலுக்கென்று வாங்கிய நீரில் ஒரு பங்கு சுரங்கத்துக்கும் வழியோரச் சிற்றூர்களுக்கும் போனது.

ரத்தான உரிமம்

1990களில் பொலிவியப் பத்திரிகைகள் கேள்வி எழுப்பின. நம் நீரை சிலி திருப்பிவிட்டதா? 1996 மே 7 அன்று பொலிவிய வெளியுறவு அமைச்சரே ஓர் அறிக்கை வெளியிட்டார். நேரில் போய்ப் பார்த்த எல்லை ஆணையத்தின் கருத்துப்படி நீர் திசைதிருப்பப்படவில்லை என்று அதில் இருந்தது. ஆனாலும் நூறாண்டாக சிலி அதைப் பயன்படுத்தி வருவதால் பொலிவியாவுக்குப் பாதிப்பு என்றும், இரு நாட்டுக் கூட்டத்தில் இதைப் பேசப்போவதாகவும் சேர்த்துச் சொன்னார்.

ஓராண்டு கழித்து, 1997 மே 14 அன்று, பொடோசி நிர்வாகம் 1908இன் உரிமத்தை ரத்து செய்தது. நீராவி எஞ்சினுக்கென்று கொடுத்த நீர். நீராவி எஞ்சினே இல்லாதபோது உரிமம் மட்டும் எப்படி இருக்கும்? அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. 2000இல் டுக்டெக் என்ற பொலிவிய நிறுவனத்துக்கு 40 ஆண்டு உரிமம் தரப்பட்டது. அது ரயில்வே கம்பெனிக்கும் கொடெல்கோவுக்கும் தண்ணீர்க் கட்டணச் சீட்டு அனுப்பியது. இரண்டும் கட்டவில்லை. எல்லை கடந்து ஓடும் ஆற்றுக்கு மேல்மடைக்காரர் எப்படி விலை போடலாம் என்பது சிலியின் நிலை. இது ஆறே அல்ல, எங்கள் ஊற்றுகள். வாய்க்கால் வெட்டியதால்தான் உங்கள் பக்கம் வருகிறது என்பது பொலிவியாவின் நிலை.

2009இல் இரு அரசுகளும் ஓர் இடைக்கால உடன்பாட்டுக்கு அருகில் வந்தன. நீரில் பாதி பொலிவியாவுக்குரியது என்று இப்போதைக்கு வைத்துக்கொண்டு, அந்தப் பாதியைப் பயன்படுத்துவோர் பணம் கட்டட்டும். மீதிப் பாதி யாருக்கு என்பதைக் கூட்டாக ஆய்வுசெய்து பிறகு முடிவு செய்வோம் என்பது அதன் சாரம். பொடோசியில் எதிர்ப்பு கிளம்பியது. மொத்த நீரும் எங்களுடையது, நூறாண்டுப் பழைய பாக்கியும் வேண்டும் என்றார்கள். உடன்பாடு கையெழுத்தாகவில்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். கூட்டாக அளந்து பார்ப்போம் என்ற வரி அன்றே நடைமுறைக்கு வந்திருந்தால், பிற்பாடு நீதிமன்றத்தில் தெரிய வந்தவற்றில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தாக்கிலேயே தெரிந்திருக்கும்.

ஹேக்கில் நடந்தது

2013இல் பொலிவியா, கடலுக்கு வழி தருவது குறித்து சிலி பேச்சுவார்த்தைக்கு வரவேண்டும் என்று கேட்டு சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2016 மார்ச்சில், சிலாலாவுக்காகவும் ஹேக் போவோம் என்று அதிபர் இவோ மொராலஸ் அறிவித்தார். சிலி காத்திருக்கவில்லை. 2016 ஜூன் 6 அன்று அதுவே முந்திக்கொண்டு வழக்குத் தொடுத்தது. சிலாலா சர்வதேச நீர்வழி என்று அறிவிக்க வேண்டும், அதை நியாயமான அளவில் பயன்படுத்த எங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும் என்று கேட்டது. ஓடையருகே பொலிவியா ராணுவக் காவல்சாவடி, மீன் பண்ணை, வீடுகள் போன்றவற்றை ஏற்படுத்தியபோது தங்களுக்கு முறைப்படி அறிவிக்கவில்லை என்றும் குற்றம் சாட்டியது. கடல் வழக்கில் 2018 அக்டோபர் 1 அன்று பொலிவியா தோற்றது. சிலாலா வழக்கு தொடர்ந்தது.

இரு தரப்பும் நீரியல் அறிஞர்களை அமர்த்தின. சிலிக்காக ஹோவர்ட் வீட்டர், டெனிஸ் பீச் ஆகியோர் ஆய்வுகளை முன்னின்று நடத்தினர். பொலிவியா டென்மார்க்கின் டி.ஹெச்.ஐ. நிறுவனத்திடம் பொறுப்பைத் தந்தது. ஓட்டத்தை அளந்தார்கள், துளையிட்டு நிலத்தடி மட்டம் பார்த்தார்கள், கணினியில் மாதிரி அமைத்தார்கள். பள்ளத்தாக்கின் படிவுகளை ஆராய்ந்ததில், வாய்க்கால் வெட்டுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே நீர் ஓடி அந்த இடுக்கைக் குடைந்திருக்கிறது என்று சிலியின் தரப்பு காட்டியது. வாய்க்கால் இல்லாவிட்டாலும் நீர் சிலிக்குத்தான் போகும் என்பதைப் பொலிவியாவின் நிபுணர்களின் கணக்கும் மறுக்கவில்லை.

அதன் பின் பொலிவியாவின் வாதம் மாறியது. சிலாலா எல்லை கடக்கும் நீர்வழிதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் வாய்க்கால்களால் கூடுதலாக வரும் நீர் செயற்கையானது, அது எங்கள் உரிமை, அதற்கு சிலி பேசி விலை தர வேண்டும் என்று எதிர்வழக்குப் போட்டது. அந்தக் கூடுதல் கணிசமானது என்றது பொலிவியா. மிக அற்பம் என்றது சிலி. கடைசியில் சண்டைக்கு மிஞ்சியது அந்தக் கூடுதல் எத்தனை சதவீதம் என்பதுதான். இதற்கிடையே சிலியும் ஒன்றை ஒப்புக்கொண்டது: வாய்க்கால்கள் பொலிவியாவின் மண்ணில் இருக்கின்றன, அவற்றை வைத்துக்கொள்வதோ கலைத்துப்போடுவதோ பொலிவியாவின் விருப்பம்.

1997இல் ஐ.நா. சபை நீர்வழிகள் குறித்து ஒரு சர்வதேச உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டிருந்தது. இரு நாடுகளும் அதில் சேரவில்லை. ஆகவே வழக்காறாக வந்த சர்வதேசச் சட்டத்தையே நீதிமன்றம் அளவுகோலாகக் கொண்டது. நியாயமான, சமநீதியான பயன்பாடு என்பது அதன் அடிப்படை விதி. நம் உச்ச நீதிமன்றம் 2018இல் காவிரித் தீர்ப்பில் ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்து அல்ல என்று சொன்னபோது கைக்கொண்டதும் இதே நெறிதான்.

2022 டிசம்பர் 1

தீர்ப்பு வந்த நாளில் இரு நாட்டுப் பத்திரிகைகளும் தங்கள் நாடே வென்றதாக எழுத முடிந்தது. தீர்ப்பை வாசித்தால் ஏன் என்று விளங்கும். சிலி கேட்ட ஐந்தில் நான்கைப் பற்றி, இதில் இரு தரப்பும் இப்போது ஒத்துப்போகின்றன, எனவே நாங்கள் தீர்ப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை என்றது நீதிமன்றம். அறிவிப்புக் கடமையைப் பொலிவியா மீறியது என்ற ஐந்தாவது குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. பொலிவியாவின் மூன்று கோரிக்கைகளில் இரண்டுக்கும் அதே பதில்: வாய்க்கால்களைக் கலைக்கும் உரிமை உங்களுக்கு இருப்பதை சிலியே ஏற்றுவிட்டது. கூடுதல் நீருக்கு இனி ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்க வேண்டும் என்ற மூன்றாவது கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பழைய பாக்கி கட்டச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை.

நீதிமன்றம் எதையும் தீர்க்காமல் நழுவிவிட்டது என்று சில சட்ட அறிஞர்கள் குறைபட்டார்கள். அந்தக் குறையில் உண்மை உண்டு. எவ்வளவு பாதிப்பு வரலாம் என்றால் அண்டை நாட்டுக்கு அறிவிக்க வேண்டும், நிலத்தடி நீரை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதையெல்லாம் இன்னும் தெளிவாக வகுக்க அருமையான வாய்ப்பு இது. ஆனாலும் நான் அந்த ஆறரை ஆண்டை வேறு விதமாக மதிப்பிடுகிறேன். 1997 முதல் 2016 வரை இரு நாடுகளும் மேடைகளில் பேசின. யாரும் ஓரடி நகரவில்லை. 2016க்குப் பின் தங்கள் வாதத்தை எண்ணாலும் அளவாலும் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்க்க வேண்டியிருந்தது. அப்போது பொலிவியா, இது ஆறில்லை என்ற பழைய நிலையைக் கைவிட்டது. வாய்க்கால் விஷயத்தில் பொலிவியாவின் அதிகாரத்தை சிலி ஒப்புக்கொண்டது. தீர்ப்பு எழுதப்படும் முன்பே சண்டையின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. கரைத்தது நீதிபதிகளின் பேனா அல்ல, நீரளவைக் குறிப்பேடுகள்.

கடலை இழந்த துயரம் உண்மையானது. அதை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் துயரத்தை நொடிக்கு 170 லிட்டர் ஓடும் ஓடையின் மேல் ஏற்றியபோது, ஓடைக்கு என்ன தேவை என்ற கேள்வி காணாமல் போய்விட்டது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி லிட்டர் நீர் யாருக்கு என்று இரு தேசங்கள் கேட்டன. அந்த நீரைப் பிடித்துவைக்கும் கரிமண்ணுக்கு எவ்வளவு வேண்டும் என்பது வழக்கில் ஓரமாகவே வந்துபோனது.

இப்போது அதைக் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. வாய்க்கால்களைக் கலைக்கும் உரிமை பொலிவியாவுக்கு உண்டு என்பது உறுதியாகிவிட்டது. சில கால்களையாவது அடைத்து நீரைப் பழையபடி பரவவிட்டால், காய்ந்த செடிமேடுகள் மீளத் தொடங்கும். அதனால் சிலிக்குப் போகும் நீர் சற்றுக் குறையலாம். குறைவு சிறியதுதான் என்பது சிலியின் நிபுணர்களே சொன்ன கணக்கு. அன்டோபகாஸ்டா நகரத்தில் 2003 முதல் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை இயங்குகிறது. இன்று அந்த நகரின் குடிநீரில் பெரும்பகுதி கடலிலிருந்து வருகிறது. தாமிரச் சுரங்கங்களும் கடல்நீரை நோக்கி நகர்கின்றன. மலை ஊற்றை உறிஞ்சியே தீரவேண்டிய நெருக்கடி 1908இல் இருந்த அளவுக்கு இன்று இல்லை.

மீதி வேலை இரு நாடுகளின் கையில் இருக்கிறது. எல்லையின் இருபுறமும் அளவைமானிகளை வைத்து, அளவுகளை மாதாமாதம் பகிர்ந்துகொண்டு, நிலத்தடி நீரையும் சேர்த்து ஒரே கணக்காக எழுத வேண்டும். இதற்குத் தூதரக உறவு முழுமையாக மலரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரு பக்கத்துப் பொறியாளர்கள் சிலர் கூடினால் போதும். 2009இல் எழுதி, கையெழுத்தாகாமல் போன அந்த ஒரு வரியை இப்போதாவது நிறைவேற்றினால், சிலாலா வழக்கின் உண்மையான வெற்றி அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் ஐரோப்பாவுக்குப் போகிறோம். ஜெர்மனியின் மோட்லாரோய்ட் கிராமத்தின் நடுவே ஓடும் டான்பாக் என்னும் சிற்றோடை, இரண்டு உலக வல்லரசு முகாம்களுக்கு எல்லையாகி, 1966இல் கான்கிரீட் சுவராக எழுந்த கதையைப் பார்ப்போம்.

(தொடரும்)